சீஃபின் வலப்பக்கம்

ஜூன் 7, சனி

இன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் இருந்தவர்கள்: லெப்டினன்ட் கமாண்டர் பிஸ்வாஸ் சார், இன்ஜின் மெக்கானிக் லோகநாதம் தம்பி, தீவுக்காரர்கள் சார்பில் சார்ஜென்ட் பெர்த்தா அம்மா, பயிற்சிப் பிள்ளைகள் இருபத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேர் (லூசியனுக்கு வயிற்றுப்போக்கு, கஞ்சி கொடுத்தனுப்பினேன்), இவர், நான். ஆக மொத்தம் இருபத்தெட்டு. ஆண்டவரும் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வந்தவர்கள் பெயரை முதலில் எழுதுவது எங்கள் ஊர் நாசரேத்தில் சபைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது வந்த பழக்கம். சங்கம் அங்கே இருக்கிறது, பழக்கம் என்னோடு கப்பல் ஏறிவிட்டது.

இந்த வலூனா நாடு மொத்தமுமே நம் தாலுகாவுக்குள் அடங்கிவிடும். ராணுவம் கிடையாது. போலீஸ்தான் எல்லாம். கடலைக் காவல் காக்க இவர்களுக்குப் படகும் இல்லை, ஆளும் இல்லை என்று நம் நாடு இரண்டு வேகப் படகு கொடுத்து, ஓட்டவும் சுடவும் சொல்லிக்கொடுக்க மூன்று பேரை அனுப்பியிருக்கிறது. பிஸ்வாஸ் சார் தலைவர். லோகநாதம் இன்ஜினுக்கு. இவர் மற்ற எல்லாவற்றுக்கும். கடற்படையில் பீரங்கிப் பிரிவில் சீஃபாக இருப்பவர். பிள்ளைகள் 'சீஃப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞானசிகாமணி என்ற பெயரை முதல் நாள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

இங்கே எங்களோடு எல்லோரும் பேசுவது ஆங்கிலம்தான், நான் எழுதுவது என் தமிழில்.

கோழிக் குழம்பு, எலுமிச்சைச் சோறு, ஈரப்பலாக்காய் வறுவல். மிச்சம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் சார்பில் ஒடீல் என்ற பெண் எழுந்து நன்றி சொன்னாள். இருபத்து நாலு பேரில் பெண் இவள் ஒருத்திதான். இந்த நாட்டின் கோடியில் இருக்கிற கடைசித் தீவுக்காரி. குச்சி போல உடம்பு, பென்சில் சீவினது போலக் குரல்.

இவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இன்னும் சத்தமா. கடல்ல இப்படிப் பேசினா மீனுக்குக்கூடக் கேக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒடீலும் சிரித்தாள்.

எனக்கு அவள் சொன்னது கேட்டது. நான் பக்கத்தில் நின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

சிலிண்டர் மாற்றியது. மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் கையிருப்பு.

மார்க்கெட்டுக்குப் போகும்போது, "அத்தான், குக்கர்ல பருப்பு இருக்கு, மூணு விசில் வந்தா அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் தெரு முனையிலேயே வாடை. இவர் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாளைய பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு விசில்கூட வரலியேட்டி" என்றார்.

தீவுக்காற்றில் உப்பு அதிகம். விசிலில் துரு ஏறியிருக்கும். புளித்தண்ணீரில் போட்டுக் கழுவினேன். சாயங்காலம் வெறும் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் கூவியது. இனிப் பருப்பைச் சட்டியிலேயே வேகவைப்பதாக முடிவு.

ஜூன் 14, சனி

இங்கே ஒரு பறவை இருக்கிறது. பச்சை முதுகு, கட்டைவிரல் அளவு. விடிந்ததிலிருந்து நூறு பேர் சேர்ந்து ஊசி விசில் ஊதுகிற மாதிரி கத்துகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் விடாது. பிஸ்வாஸ் சார் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு தூங்குகிறாராம்.

காப்பி குடித்துக்கொண்டே இவர் சொன்னார்: "எவ்ளோ அமைதியான ஊரு பாத்தியா. ஒரு குருவிச் சத்தம்கூட இல்ல."

நல்ல மனிதருக்கு எல்லா ஊரும் அமைதிதான். ஸ்தோத்திரம்.

ஜூன் 17, செவ்வாய்

வாசல் பெல் வேலை செய்யவில்லை என்று இவர் சொன்னதால் லோகநாதம் தம்பி வந்து கழற்றிப் பார்த்தான். சென்ற வாரமும் பார்த்தான்.

"பெல் நல்லாத்தான் இருக்கு அக்கா. நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். அடித்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் அவனுக்கு முறுக்கு எடுத்து வைத்தேன். "வீடு பெரிசுல்லா தம்பி, பின்னால இருந்தா கேக்கிறதில்ல" என்றேன். வீட்டில் இரண்டு அறை.

ஜூன் 19, வியாழன்

அரிசிக் கப்பல் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கு.

ஜூன் 22, ஞாயிறு

இங்கே இருக்கிற ஒரே கோயிலில் ஆராதனை அவர்கள் பாஷையில். எனக்கு ஆமென் மட்டும் புரிந்தது, அதைச் சத்தமாகச் சொன்னேன். காணிக்கை போட்டேன், கணக்கில் எழுதுவதில்லை.

திரும்பி வரும்போது பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடவே நடந்தார்கள். இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு வினோதம்: யாரும் இவருக்கு இடப்பக்கம் வருவதில்லை. பாதை அகலமாகக் கிடக்கிறது, அத்தனை பேரும் வலப்பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு, ஓரத்தில் போகிறவன் புதரில் விழுந்து எழுந்து வருகிறான். மரியாதையாக இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை.

இன்னொன்று. சாயங்காலம் கீரை பறிக்கப் படகுக் கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளேயிருந்து தவளைக் கூட்டம் மாதிரிச் சத்தம். எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் வரிசையாக நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அடிக்குரலில் உறுமுகிறார்கள். "யெஸ் சீஃப்." "ரெடி சீஃப்." ஒடீலும் தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு உறும முயற்சி செய்கிறாள். அவள் வாயிலிருந்து வருவது பூனைக்குட்டிச் சத்தம். என்னைப் பார்த்ததும் எல்லோரும் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அடிக்குரல் பாட்டு இந்த ஊர் வழக்கம் போல.

ஜூன் 29, ஞாயிறு

மகன் ஜெபசிங் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தான். இவரிடம் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் பேசினார்கள். பிறகு என்னிடம் அவன், "அம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன், அப்பா ரொம்ப சந்தோஷம்ங்காவ. என்னாச்சு அவியளுக்கு?" என்றான்.

"இங்க டவர் சரியில்ல மக்கா" என்றேன்.

மதியம் பிஸ்வாஸ் சார் சந்தேஷ் என்ற வங்காள இனிப்பு கொண்டு வந்தார், அவர் கையால் செய்தது. சர்க்கரை தூக்கல். சொன்ன விஷயமும் இனிப்புதான். (என்னை அவர் 'பாபி' என்பார், அண்ணி என்று அர்த்தம்.) இந்த நாட்டு அரசாங்கம் இரண்டாவது அணிக்கும் இவரையே கேட்கிறதாம். இன்னும் ஒரு வருஷம். "உங்க சீஃப் வந்தப்புறம்தான் எங்க பசங்க நிமிர்ந்து நிக்கிறாங்கன்னு மந்திரியே சொன்னார் பாபி. இதோட ஒரு மெடிக்கல் மட்டும் பாத்து அனுப்பிட்டா ஆச்சு. கண், ரத்த அழுத்தம், காது, அவ்வளவுதான்."

இவர் சந்தேஷை இன்னொன்று எடுத்துக்கொண்டார். பீரங்கி அருகிலேயே இருபத்தாறு வருஷம் வேலை செய்தவர். இது முடிந்தால் ஓய்வு. ஓய்வு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மாலை ஜெபத்தில் ஒன்று கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று 'ரிப்போர்ட்' தேர்வு. என்னவென்று இவரிடம் கேட்டு எழுதுகிறேன். கடலில் பார்த்ததை ஆள் படகின் முன்னாலிருந்து சீஃபிடம் வாயால் சொல்ல வேண்டும். எந்தத் திசை, எவ்வளவு தூரம், என்ன மாதிரிப் படகு, எத்தனை பேர். ஒருமுறைதான் சொல்லலாம். சீஃப் எழுதிக்கொள்வார்.

இருபத்து மூன்று பேர் தேறினார்கள். ஒடீல் தேறவில்லை.

"படகு ஓட்டுறதுல அவதான் முதல். சுடுறதுல ரெண்டாவது. வாயத் திறந்தா காத்துதான் வருது" என்று இவர் வருத்தமாகவே சொன்னார். "நான் என்ன செய்ய? ஆபத்து நேரத்துல கேக்காத ரிப்போர்ட் எதுக்கு உதவும்?"

அதுவும் நியாயம்தான். இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு.

மீன் வாங்கியது, சூரை, பெரிய துண்டு. பாதி ஊறுகாய்க்கு ஒதுக்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாவது முறையும் தேறவில்லை. மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை காலை. அதிலும் தவறினால் அன்று சாயங்காலமே பெயர் நீக்கும் தாளில் இவர் கையெழுத்துப் போட்டு பிஸ்வாஸ் சாரிடம் கொடுத்துவிட வேண்டும்.

சாயங்காலம் சார்ஜென்ட் பெர்த்தா அம்மா ஒடீலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு எருமைக் குரல், தெருவெல்லாம் கேட்கும். இவரோடு எப்போதும் நன்றாக ஒத்துப்போகிறவர்.

"இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஏதாவது கொடுங்க மேடம்" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார். இவர் அப்போது படகுத் துறையில் இருந்தார்.

பாலில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். அவள் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று மீன் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். எப்படித் தொண்டை கட்டியது என்று கேட்டேன்.

"உறுமிப் பார்த்தேன் மேடம். எனக்கு வரல."

பிறகு அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். அவள் அண்ணனின் படகு இன்ஜின் நின்று கடலில் மிதந்ததாம். கடைசித் தீவில் தேடிப்போக ஒரு படகும் இல்லை. அண்ணனை வேறு நாட்டு மீன் கப்பல் ஒன்று தற்செயலாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டது. அவர் ஊர் வந்து சேருவதற்குள் வீட்டில் இறந்தவருக்கான பூசை முடிந்து, அவருடைய சட்டைகளையும் தானம் கொடுத்துவிட்டார்கள். "இப்பவும் யாராவது அவர் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனா அண்ணன் முறைப்பார்" என்று சிரித்தாள். நம் நாடு கொடுத்த இரண்டாவது படகு கடைசித் தீவில்தான் நிற்கப்போகிறது. ஆனால் அந்தத் தீவுப் பாறைகளை அறிந்த ஆள் ஒருவராவது தேறினால்தான். அங்கிருந்து வந்திருப்பது இவள் ஒருத்தி. இல்லையென்றால் அந்தப் படகும் இங்கேயே துறையில் நிற்கும்.

இவ்வளவும் சொன்னாள். தொண்டை கட்டியிருந்தது. நான் முதுகைக் காட்டி நின்றேன். எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. வெளியே அந்தப் பச்சைப் பறவை கத்திக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். "நீ நல்லாத்தான் பேசுற. எதுக்கு எல்லாரும் உறுமுறீங்க?" என்று கேட்டேன்.

தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெண் என்றால் அழுதிருப்பாள். இவள் மெதுவாக, "கனமான குரல்னா சீஃபுக்கு நல்லா கேக்குது மேடம். வலப்பக்கம் நின்னா இன்னும் நல்லா கேக்குது. லூசியன்தான் முதல்ல கண்டுபிடிச்சான்" என்றாள்.

"எப்போ?"

"முதல் வாரம்."

"யாரும் சொல்லலியே."

"பெரியவங்க உடம்புல இருக்கிற குறையை நாங்க வாயால சொல்றதில்ல. கண் தெரியாதவர்னா கூட நடப்போம். எதுக்கு நடக்கிறோம்னு சொல்ல மாட்டோம்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் அப்படித்தானே மேடம், கையைக் காட்டித்தானே சீஃப்கிட்டப் பேசுறீங்க" என்றாள்.

பிஸ்வாஸ் சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போலப் பார்த்தாள். "சொன்னா சீஃபை ஊருக்கு அனுப்பிடுவாங்க. நான் இன்னொரு வருஷம் எழுதலாம்."

அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். பெர்த்தா அம்மா முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போகும்போது தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 9, புதன்

உப்பு, சோப்பு, தீப்பெட்டி வாங்கியது.

ஜெபம் செய்ய உட்கார்ந்தேன், வரவில்லை. ஆண்டவரிடம் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டிய இடம் வேறு ஒன்று இருந்தது. எழுந்து துணி துவைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் உப்புமா. இவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இடப்பக்கமாகப் பின்னால் போய் நின்றேன். எப்போதும் போல முன்னால் வந்து, கையை ஆட்டி, தொண்டையைத் திறந்து பேசவில்லை. என் சொந்தக் குரலில் பேசினேன். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே நாளாகிவிட்டது.

"அத்தான், உங்களுக்குக் காது கேக்கல. எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளையளுக்கும் தெரியும். ஒடீல் நல்லாத்தான் பேசுதா. குறை அவகிட்ட இல்ல. நாளைக்கு நீங்க அவளுக்குப் பெரிய அநியாயம் செய்யப் போறிய."

கரண்டி நின்றது. நான் பேசினேன் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாட்டி, உப்பு கொஞ்சம் கம்மிதான்" என்றார். ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. மிச்சத்தைத் தின்று பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காலைத் தேர்வில் ஒடீல் மூன்றாவது முறையும் தவறிவிட்டாள் என்று லோகநாதம் தம்பி வந்து சொன்னான். படகில் கூட இருந்தவன் அவன்தான். "எனக்கு எல்லாம் கேட்டுச்சு அக்கா. வடகிழக்கே ரெண்டு மைல், நீலப் படகு, ஆறு பேர். சீஃப் மூணு பேர்னு எழுதுனார். நான் என்னத்தச் சொல்ல?" என்று தலையைச் சொறிந்தான்.

கத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு மாசமாக நான் அதைத்தானே செய்கிறேன். ஆனால் இந்த விஷயத்தைக் கத்திச் சொன்னால் தெருவே கேட்கும், இவரைத் தவிர. அதனால் மதியச் சாப்பாடு கட்டும்போது தாளில் எழுதி, தூக்குச்சட்டியின் மேல் அடுக்கில், அப்பளத்துக்கு மேலே வைத்தேன். எழுதியது இது:

"அத்தான், நேத்து உப்புமா சாப்பிடும்போது நான் பேசினது உப்பைப் பத்தி இல்ல. உங்க காதைப் பத்தி. குக்கர் விசில் அடிச்சது. பெல் அடிக்குது. ஜெபசிங் மகளுக்குக் காய்ச்சல், இப்ப தேவலை. இங்க குருவி உண்டு. பிள்ளைய உறுமுறது உங்களுக்காகத்தான். ஒடீலால உறும முடியல, அது ஒண்ணுதான் அவ குத்தம். இன்னைக்குப் பார்த்தது ஆறு பேர், மூணு இல்ல. கையெழுத்துப் போடாதிய. பதில் இதே சட்டியில அனுப்புங்க."

சாப்பாட்டை வாங்கிப்போக வந்த லூசியனிடம், சீஃப் கையிலேயே கொடு, சட்டியைக் காத்திருந்து வாங்கி வா என்று சொல்லியனுப்பினேன். பிறகு வீட்டைப் பெருக்கினேன். பெருக்கின வீட்டையே இன்னொரு தரமும் பெருக்கினேன்.

சட்டி வந்தது. சோறு பாதி மிச்சம். அப்பளம் அப்படியே இருந்தது. என் தாளின் பின்பக்கத்தில் இவருடைய கோணல் எழுத்து:

"உப்பு சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. வந்து பேசுகிறேன்."

வெயில் இறங்கும்போது வந்தார். பெல் அடிக்கவில்லை, கதவைத் தட்டவும் இல்லை, வாசற்படியிலேயே தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்தார். நான் போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்துட்டி தெரியும்?"

"குக்கர்ல இருந்து."

"சொல்லலியே நீ."

"நீங்களும்தான் சொல்லல."

"கொச்சின்ல இருக்கும்போதே தெரியும். கீச்சுச் சத்தம் எல்லாம் போச்சு. மெடிக்கல்ல தம்பி ஒருத்தன் தெரிஞ்சவன், சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்குங்க சீஃப்னு கண்ணக் காட்டுவான். நான் அமுக்குவேன்." வாசற்படி மணலைக் காலால் தள்ளினார். "சொன்னா அன்னைக்கே பெட்டியக் கட்டுன்னு சொல்லிருவான். நான் வீட்ல உக்காந்து என்ன செய்ய? உன்கூடச் சேர்ந்து பருப்புக்கு விசில் எண்ணவா?"

"அதுக்கும் காது வேணும்லா" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு பேர்னா சொன்னா அந்தப் புள்ள?"

"ஆறு பேர். நீலப் படகு."

"எனக்கு அவ உதடு அசையறதுதான் தெரிஞ்சுது. மூணு விரல் அளவு வாயத் திறந்தா, மூணுன்னு எழுதிட்டேன்." தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துச் சுற்றினார். "அவளை அனுப்பினா நான் இருக்கலாம். நான் சொன்னா அவ இருக்கலாம். அப்படித்தானே?"

தொப்பியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

பறவைகள் மரத்தில் அடைகிற நேரம். காதைக் குடைகிறது சத்தம்.

"ஏ," என்றார், "இங்க நிசமாவே குருவி கத்துதா?"

"காது கிழியுது அத்தான்."

கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு பிஸ்வாஸ் சார் வீட்டுக்கு நடந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

ஜூலை 12, சனி

மறு தேர்வு. துறையில் நடந்தது, எல்லோரும் பார்க்கும்படி. இவர் பிஸ்வாஸ் சாரிடம், நேற்று காலைத் தேர்வு செல்லாது, தவறு தேர்வு வைத்தவருடையது என்று எழுதியே கொடுத்துவிட்டாராம்.

படகின் முன்னால் ஒடீல். பின்னால் பிஸ்வாஸ் சார், காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு. இவர் கரையில் பிள்ளைகளோடு நின்றார். முதலில் அணியைப் பார்த்து, "எனக்கு இடது காது இல்ல. வலது காது பாதி. இது உங்களுக்குத் தெரியும்னு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. இனிமே யாரும் உறும வேண்டாம், ஒருத்தன் குரலும் மனுசக் குரல் மாதிரி இல்ல" என்றார்.

யாரும் அசையவில்லை. பெரியவர் தன் குறையைத் தானே சொன்னால் என்ன செய்வது என்று இவர்களுக்குப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. கடைசியில் லூசியன் தன் சொந்தக் குரலில் "யெஸ் சீஃப்" என்றான். அவனுக்கு நிஜமாகவே மெல்லிய குரல். அவனே கூச்சப்பட்டான். இவருக்கு அது கேட்டிருக்காது, ஆனால் தலையாட்டினார்.

ஒடீல் ஒருமுறை சொன்னாள். பிஸ்வாஸ் சார் எழுதி, திருப்பி வாசித்தார். தெற்கே ஒன்றரை மைல், வெள்ளைப் படகு, நாலு பேர், ஒருவர் கையை ஆட்டுகிறார். அப்படியே சரி. கையை ஆட்டியது லோகநாதம் தம்பி.

தேறினாள். பெர்த்தா அம்மா போட்ட சத்தத்தில் நாரைகள் எல்லாம் பறந்துவிட்டன. ஒடீல் இறங்கி வந்து, நேராக இவருக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பிஸ்வாஸ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் தலைமையகத்துக்கு எழுதாம இருக்க முடியாது பாபி. விதிப்படி உடனே திருப்பி அனுப்பச் சொல்வாங்க. பயிற்சி முடியிற அணிவகுப்பு அடுத்த மாசம் இரண்டாம் தேதி. அதுவரையாவது வச்சுக்கலாமான்னு கேக்கப்போறேன். துப்பாக்கிப் பக்கம் நான் நிக்கிறேன், பாடம் அவர் நடத்தட்டும்னு." என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். கையை விரித்தார்.

நெய் அரை கிலோ வாங்கி, எல்லோருக்கும் கேசரி. இருந்தவர்கள் இருபத்தெட்டு அல்ல, இருபத்தொன்பது. லூசியன் இந்தத் தடவை வந்தான்.

ஜூலை 14, திங்கள்

இதை எழுதும்போது இருந்தவர்கள்: இவர், நான். ஜெபம் முடிந்தது. ஐந்து நாளுக்குப் பிறகு இன்று சரியாக வந்தது.

பிஸ்வாஸ் சார் இன்று ஃபேக்ஸில் அனுப்பும் கடிதத்தோடு வைப்பதற்கு நானும் ஒன்று எழுதினேன். வேண்டாம் என்று இவர் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. படி எடுத்து வைக்கிறேன்:

"மதிப்புக்குரிய ஐயா,

நான் வலூனாவில் பயிற்சி கொடுக்கும் சீஃப் ஞானசிகாமணியின் மனைவி ரத்தினசீலி. அவருடைய காதைப் பற்றிப் பிஸ்வாஸ் சார் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. மறைத்தது தவறு. மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. இங்கே இருபத்து நாலு பிள்ளைகள் அவர் இல்லாமல் அணிவகுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பழக்கம் இவர்களுக்கு இல்லை. ஆனால் தினமும் காலையில் வந்து அவர் வலப்பக்கம் நிற்கிறார்கள். அவருக்குக் கேட்காததைக் கேட்டுச் சொல்ல ஒடீல் என்ற பெண்ணைக் கூடவே நிறுத்தியிருக்கிறார். அந்தப் பெண்ணின் குரல் அவருக்குக் கேட்காது என்பதால் அவள் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். வேலை நன்றாக நடக்கிறது.

இரண்டாவது வருஷம் நாங்கள் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகள் தொப்பியைத் தூக்கிப் போடுகிறதை அவர் பார்த்துவிட்டு வரட்டும். அதற்குக் காது தேவையில்லை.

ஊருக்கு அடுத்த கப்பல் வியாழக்கிழமை. நான் பெட்டி கட்டுவதா, மாங்காய் வாங்கி ஊறுகாய் போடுவதா என்று தெரிய வேண்டும். இங்கே மாங்காய் விலை ஏறிக்கொண்டே போகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்."